ஆர்த்தோ மெத்தை, இடுப்பு பெல்ட், ஸ்கேன் சலுகை: முதுகுவலிக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்?

முதுகுவலிக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். வலிக்கான மருத்துவம் டாக்டரின் வேலை. பணத்தை எங்கே போடலாம், எங்கே போட வேண்டாம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கேள்வி: எனக்கு 46 வயது. காலையில் எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வீட்டில் இருப்பது பழைய இலவம் பஞ்சு மெத்தை, நடுவில் குழி விழுந்துவிட்டது. கடையில் ‘ஆர்த்தோபீடிக் மெத்தை, டாக்டர்களே சொல்வது, எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது’ என்று 24,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: ‘ஆர்த்தோபீடிக்’ என்பது விற்பனைக்கு வைத்த பெயர், மருத்துவச் சான்று இல்லை. அந்தப் பெயரில் வரும் பல மெத்தைகளின் நடுவில் இருப்பது ரீபாண்டட் ஃபோம். அதாவது வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளைப் பசை போட்டு அழுத்திச் செய்த கெட்டியான பலகை. கெட்ட பொருள் என்று சொல்லவில்லை, நன்றாகவே உழைக்கும். ஆனால் மருந்துக்குக் கொடுக்கிற மாதிரி அதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. ‘டாக்டர்கள் சொல்வது’ என்றால் எந்த டாக்டர், எதில் சொன்னார் என்று கேளுங்கள். கடைக்காரர் உடனே பேச்சை இ.எம்.ஐ. பக்கம் திருப்புவார்.

கெட்டி மெத்தைதான் நல்லது என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ரொம்பக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது.

கடையில் கையால் அழுத்திப் பார்ப்பதும் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் வீண். கூச்சப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே பத்து நிமிடம் படுங்கள். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போய் வந்தால் உங்கள் உடம்புக்கு அந்த மெத்தை ரொம்பக் கெட்டி. கை மாட்டிக்கொண்டால் ரொம்ப மெது. அப்புறம் ஒருக்களித்துப் படுங்கள். தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்க வேண்டும். கூட வந்தவரை முதுகுப் பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள், முதுகுத்தண்டு நேர்கோடாக இருக்கிறதா என்று. புரண்டு படுக்கச் சிரமமாக இருந்தால் எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

ஃபோம் மெத்தை என்றால் ‘டென்சிட்டி’ எவ்வளவு என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். 32, 40 என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு அது. எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கு அது ஓர் அடையாளம், கெட்டித்தன்மைக்கு இல்லை. இரண்டையும் குழப்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

இத்தனைக்கும் முன்னால் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஒரு வாரம் வேறு படுக்கையில் படுத்துப் பாருங்கள். அப்போது வலி குறைந்தால் பழைய மெத்தைதான் காரணம். அப்போதும் நேராகப் புது மெத்தைக்குப் போக வேண்டாம். பஞ்சை அடித்து, குறைவதற்குப் புதுப் பஞ்சு சேர்த்து, புது உறை போட்டுத் தருகிறவர்கள் உங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் இருப்பார்கள், விசாரியுங்கள். எங்கே படுத்தாலும் அதே பிடிப்பு, எழுந்து அரை மணி நேரத்துக்கு மேலாகியும் விறைப்பு போகவில்லை, நடமாடினால்தான் இளகுகிறது என்றால் மெத்தைக் கடைக்கு முன் டாக்டரிடம் போங்கள். அது ஒருவகை வாத நோயாகவும் இருக்கலாம்.

கேள்வி: ஆன்லைனில் பத்து வருட வாரண்டியோடு மெத்தை வாங்கினேன். எட்டே மாதத்தில் நடுவில் பள்ளம். கஸ்டமர் கேரில் ‘ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால்தான் வாரண்டி’ என்கிறார்கள். அப்படி ஒரு நிபந்தனை இருப்பதே இப்போதுதான் தெரியும்.
– தஞ்சாவூர் வாசகி

பதில்: இந்த நிபந்தனை பல கம்பெனி வாரண்டிகளில் பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அளந்துவிடுங்கள். விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தைக்குக் குறுக்கே ஒரு நேரான கம்பையோ அலுமினியப் பட்டையையோ வையுங்கள். பள்ளத்தின் அடியிலிருந்து கம்பு வரை ஸ்கேலை நிறுத்தி, எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். கட்டில் பலகை வளையவில்லை என்று காட்ட அதையும் ஒரு போட்டோ. இல்லாவிட்டால் ‘உங்கள் கட்டில்தான் கோளாறு’ என்பதே அடுத்த பதிலாக வரும்.

போனில் பேசுவதை நிறுத்திவிட்டு மின்னஞ்சலில் எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இந்த நிறுவனங்கள் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாங்கும் பக்கத்தில் ‘10 வருட வாரண்டி’ என்று பெரிதாகவும் இந்த ஒன்றரை அங்குலக் கணக்கு எங்கோ மூலையிலும் இருந்தால், அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாளைக்கே மாற்றிவிடுவார்கள்.

அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பள்ளம் ஒன்றேகால் அங்குலம்தான் இருக்கிறதா? எட்டு மாதத்தில் அவ்வளவு இறங்குகிற மெத்தை பத்து வருடம் எப்படி வரும் என்று கேட்கலாம். அது நியாயமான கேள்விதான்.

கேள்வி: ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை. மருந்துக்கடையில் இடுப்பு பெல்ட் வாங்கிப் போட்டிருக்கிறேன். போட்டால் தெம்பாக இருக்கிறது. தினமும் போடலாமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: தெம்பாக இருப்பது உண்மைதான். ஆனால் நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்று சொன்னவற்றில் பெல்ட்டும் ஒன்று. இழுவை சிகிச்சையும், தோலில் ஒட்டி மின்சாரம் பாய்ச்சும் ‘டென்ஸ்’ கருவியும் அதே பட்டியலில் இருக்கின்றன. அறுவை சிகிச்சைக்குப் பிறகோ எலும்பு முறிவுக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம்.

அடுத்த பெல்ட்டுக்கு ஒதுக்கிய காசில் நல்ல குஷன் உள்ள செருப்பு வாங்குங்கள். கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒரு சின்னப் பலகை போட்டு ஒரு காலை மாற்றி மாற்றி அதன் மேல் வைத்து நில்லுங்கள். இன்னொன்று, உட்கார இடம் கேளுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்தியிருக்கிறார்கள். முதலாளியிடம் கேட்பது பெல்ட் வாங்குவதைவிடக் கஷ்டம் என்று தெரியும். உடன் வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. மாவாட்டினால் மறுநாள் இடுப்பு வலி. மசாஜ் மெஷின் வாங்கித் தரலாமா?
– மதுரை வாசகி

பதில்: மசாஜ் மெஷின் பரண் மேல் போய்ச் சேரும். அம்மாவிடமிருந்து கிரைண்டர் கல்லை வாங்கிவிடுங்கள்! வலி ஆட்டுவதில் இல்லை, தூக்குவதில் இருக்கிறது. மாவு ஒட்டிய வழுக்குக் கல்லைக் குனிந்து தூக்கி, அப்படியே இடுப்பைத் திருப்பித் தொட்டியில் வைக்கிறார்கள் பாருங்கள், அந்த இடம்தான். சாய்த்து மாவை வழிக்கிற டில்டிங் கிரைண்டர் வாங்குங்கள். பழையதே போதும் என்றால் தரையிலிருந்து எடுத்து இடுப்பு உயர மேடையில் வையுங்கள்.

தண்ணீர் கேனும் அப்படித்தான். 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. அதைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டாம், கேன் வாயில் மாட்டுகிற சார்ஜ் பம்ப் சில நூறு ரூபாய்தான். சிலிண்டருக்குச் சக்கர ஸ்டாண்ட், துடைக்க நீளக் கைப்பிடி மாப். அலமாரியில் அரிசி, பருப்பு டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு மாற்ற ஒரு பைசா செலவில்லை.

வலிக்கிற நாளில் வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். ரப்பர் பை வாங்கினால் மூடியின் வாஷரைப் பாருங்கள், கொதிநீர் ஊற்றாதீர்கள், துணி சுற்றி வையுங்கள். சர்க்கரை நோயால் அம்மாவுக்கு மரமரப்பு இருந்தால் சுடுவது தெரியாது. நீங்கள் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப்பில் ஒன்பது மணி நேரம். 30,000 ரூபாய்க்கு எர்கோனாமிக் நாற்காலி வாங்கினால் வலி போகுமா?
– சென்னை வாசகர்

பதில்: லேப்டாப்பை மேஜையில் வைத்துக் குனிந்து பார்த்தால் எந்த நாற்காலியிலும் முதுகு கூன்தான் போடும். முதலில் லேப்டாப் ஸ்டாண்ட், தனி கீபோர்டு, தனி மவுஸ். மூன்றும் சேர்த்து நாற்காலி விலையில் சின்னப் பங்குதான். நாற்காலியில் உயரமும் கைப்பிடியும் ஏற்றி இறக்கும்படி இருக்கட்டும். சாய்ந்து உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும். பலருக்குக் கடை நாற்காலி உயரமாகத்தான் இருக்கும், அதற்கு ஒரு மணைப்பலகை போதும். ரேஸ் கார் சீட் மாதிரி சிவப்பு கறுப்பில் வருவது கண்ணுக்குத்தான் அழகு.

வலி திரும்ப வராமல் இருக்க நடைதான் மலிவான மருந்து. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் ஆய்வு செய்து 2024-இல் வெளியிட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் ஆலோசனையோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப சராசரியாக 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்.

கேள்வி: இரண்டு வாரமாக இடுப்பு வலி. ஒரு லேபில் ‘முதுகு எம்.ஆர்.ஐ. பாதி விலை, டாக்டர் சீட்டு தேவையில்லை’ என்று விளம்பரம். எடுத்துவிடட்டுமா?
– கோவை வாசகர்

பதில்: வேண்டாம். ஸ்கேனில் ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு கொஞ்சம் புடைத்திருப்பது) என்று வந்தால் ஜவ்வு விலகிவிட்டது என்று பயந்து, அடுத்த செலவுக்குத் தயாராகிவிடுவீர்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்ததில், 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு இந்தப் பல்ஜ் இருந்தது. 80 வயதில் 84 சதவீதம். புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறையும். படுத்தே கிடக்காமல், முடிந்த வேலையைச் செய்துகொண்டிருங்கள்.

ஸ்கேன் தேவையா என்று டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சொல்லட்டும். தேவை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோயோ காசநோயோ வந்திருப்பது, கீழே விழுந்த பிறகு வந்த வலி, இரவில் தூங்கவிடாத வலி – இதில் ஏதாவது இருந்தால் தானே குறையட்டும் என்று சில வாரம் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். கால் தளர்ந்து போவது, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைப்பது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போவது, இவை தெரிந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவு.