தக்கலையில் ஒரு பின்பால் பட்டறை: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

தக்கலை என் ஊர். பாலிடெக்னிக் முடித்துவிட்டு துபாயில் பதினொரு வருடம், ஒரு மாலின் விளையாட்டுக் கூடத்தில் மெஷின் ரிப்பேர் பார்த்தேன். அங்கே நான்கு பின்பால் மெஷின்கள் இருந்தன. கண்ணாடிக்குக் கீழே சாய்ந்த பலகையில் ஓடும் எஃகுக் குண்டை, பட்டனை அழுத்தி அடித்து ஆடும் விளையாட்டு அது. வீடியோ கேம் பழுதானால் போர்டை மாற்றினால் வேலை முடிந்தது. பின்பாலுக்கோ கண்ணாடியை உருவி, பலகையைத் தூக்கி நிறுத்தி, எந்த வயர் விட்டிருக்கிறது என்று தேட வேண்டும். மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், நான் ஆசையாகப் போவேன்.

போன வருடம் ஊருக்கே வந்துவிட்டேன். மச்சானுக்கு மரப்பட்டறை இருக்கிறது. இருவரும் சேர்ந்து பின்பால் மெஷின் செய்து விற்கலாம் என்று இருக்கிறோம். வெளிநாட்டு மெஷின் இங்கே வந்து இறங்கும்போது விலை எங்கோ போய்விடுகிறது. பாதி விலைக்குக் கொடுத்தால் ரிசார்ட்காரர்கள் வாங்குவார்கள். ஒரு பெரிய நடிகரின் படத்தைப் போட்டு டிசைன் செய்து, இருபத்தைந்து பேரிடம் பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்கி, அந்தப் பணத்திலேயே செய்து முடித்துவிடலாம் என்கிறான் மச்சான். வீட்டில் பயப்படுகிறார்கள். நீங்கள் முன்பு ஸ்டெபிலைசர் செய்து விற்றவர் என்று எழுதியிருந்தீர்கள். இது நடக்கிற காரியமா?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

நடக்கிற காரியம்தான். அந்த அட்வான்ஸை மட்டும் தொடாதீர்கள். மச்சானிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

தொண்ணூறுகளில் நாகர்கோவில் கோணத்தில் ஒரு வாடகை ஷெட்டில் நாங்கள் மூன்று பேர் ஸ்டெபிலைசர் செய்தோம். நல்ல பொருள். ஒரு கோடைக்கு முன்னால் நாற்பது பெட்டிகளுக்கு ஆர்டர் வந்தது, பாதிப் பணம் வாங்கினோம். செம்புக் கம்பி வந்தது, பெட்டி வந்தது, இரும்புத் தகடு மட்டும் வரவில்லை. ஆறு வாரம் ஆனது. அதற்குள் வாடகை, கூலி, கரண்ட் எல்லாம் அட்வான்ஸிலிருந்தே போய்விட்டது. தகடு வந்தபோது அதற்குக் கொடுக்கப் பணமில்லை. அடுத்து வந்த ஆர்டரின் அட்வான்ஸை எடுத்து முதல் ஆர்டரை முடித்தோம். இரண்டாவதை முடிக்க மூன்றாவது. மார்த்தாண்டத்திலிருந்து ஒரு ஃபிரிட்ஜ் கடைக்காரர் வந்தார். சத்தமே போடவில்லை. வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, காலையிலிருந்து நாலு மணி வரை நாங்கள் காயில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயா வாங்கிக் கொடுத்தோம், குடிக்கவில்லை. அந்த வருடமே ஷெட்டைக் காலி செய்தோம். பொருளில் ஒரு குறையும் இல்லை.

பின்பால் உலகத்திலும் இதே கதைதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 1992இல் பாலி என்ற பிராண்டில் வந்த ஒரே ஒரு மாடல் மட்டும் 20,000க்கும் மேல் விற்றது. ஏழே வருடத்தில், 1999இல், அதைச் செய்த வில்லியம்ஸ் நிறுவனம் பின்பால் பிரிவையே மூடிவிட்டது. அதன்பிறகு பல வருடம் சிகாகோவின் ஸ்டெர்ன் நிறுவனம் மட்டும்தான் தொடர்ந்து புதிதாகச் செய்துகொண்டிருந்தது. 2011இல் ஜெர்சி ஜாக் என்ற நிறுவனம் வந்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. அவர்கள் முன்பணம் வாங்கித்தான் தொடங்கினார்கள், முதல் மெஷின் வாங்கியவர் கைக்குப் போனது 2013இல். தாங்கினார்கள். ஆனால் அதன் தலைவர் பல வருடம் இதே வியாபாரத்தில் பழுத்தவர். அவரைப் பார்த்துக் கிளம்பிய சிலர் தாங்கவில்லை. மிச்சிகனில் ஒரு சின்ன நிறுவனம் ஒரு ஹாலிவுட் படத்தின் பெயரில் ஆர்டர் பிடித்துப் பணமும் வாங்கியது. அந்தப் படத்தின் உரிமமே கையில் இல்லை என்பது 2015இல் தெரிந்தது, அத்துடன் எல்லாம் முடிந்தது. நீங்கள் சொல்லும் நடிகர் படத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். உரிமத்துக்குப் பணம் கொடுக்க முடியாது, கொடுக்காமல் செய்யவும் கூடாது.

நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்பூக்கி பின்பால் என்ற நிறுவனத்தை. விஸ்கான்சின் மாநிலத்தில் பென்டன் என்ற சிற்றூர். சார்லி எமரி என்பவரின் குடும்பம் 2013இல் தொடங்கியது. முதல் மெஷின் யாருடைய படமும் இல்லாத சொந்தக் கதை, பேய் வேட்டை. மொத்தம் 150தான் என்று முன்கூட்டியே சொல்லி, அந்த 150ஐயும் செய்து முடித்தார்கள். அடுத்த மெஷின் 300. எண்ணிக்கையைச் சின்னதாக வைத்தார்கள், சொன்னதைக் கொடுத்தார்கள். நம் ஊரில் 150கூட அதிகம். முதலில் ஒன்று. அப்புறம் ஐந்து.

அந்த ஒன்றை எப்படிச் செய்வது? படம், பெயிண்ட் எதுவும் வேண்டாம். வெறும் பிளைவுட்டில் ஃபிளிப்பர் (பட்டனை அழுத்தினால் எழுந்து பந்தை அடிக்கும் சின்னக் கை), பம்பர் (பந்து பட்டால் எதிர்த்துத் தள்ளுவது), வளைவுப் பாதை எல்லாவற்றையும் பொருத்தி மாதக்கணக்கில் ஆடிப் பாருங்கள். அந்தத் தொழிலில் இதற்கு ஒயிட்வுட் என்று பெயர். பந்து 27 மில்லிமீட்டர், 80 கிராம் எஃகுக் குண்டு. பலகையின் சாய்வு சுமார் 6.5 டிகிரி. அந்த எடையும் சாய்வும் சேர்ந்துதான் ஆட்டம். ஒரு வளைவை அரை அங்குலம் நகர்த்தினால் ஆட்டமே மாறிவிடும், படம் வரைந்த பிறகு நகர்த்த முடியாது. மென்பொருளுக்கு மிஷன் பின்பால் ஃபிரேம்வொர்க் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, அதில் தொடங்கலாம்.

பலகையைப் பற்றி மச்சானிடம் தனியாகப் பேசுங்கள். கேரம் போர்டு நன்றாகச் செய்யத் தெரிந்தவருக்கு இதில் பாதி தெரியும். மீதிப் பாதிதான் கஷ்டம். பலகையில் நூற்றுக்கணக்கில் துளைகள். விளக்குக்காக ஒட்டும் பிளாஸ்டிக் வில்லைகள் மரத்தோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும், நகம் தட்டினால்கூட பந்து அங்கே தடுமாறும். நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஈரத்தில் பிளைவுட் ஊதும், மேலே அடித்த கிளியர் கோட் சரியாக இறுகாது, வில்லை எழும்பும். கொல்லங்கோடு முதல் கன்னியாகுமரி வரை கடலோரத்தில் ஃபைபர் வள்ளத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் ரெசினை எப்படி இறுக வைப்பது என்று அவர்களிடம் கேளுங்கள். உப்புக் காற்றில் ஸ்விட்ச் முனைகள் துருப்பிடிக்கும், அதற்கும் இப்போதே வழி பார்க்க வேண்டும்.

ஃபிளிப்பர்தான் இந்த மெஷினின் உயிர். 1947இல் காட்லிப் நிறுவனம் அதை வைக்கும் வரை ஆடுபவர் பந்தை விட்டுவிட்டு பெட்டியை இடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பட்டனை அழுத்தியவுடன் ஒரு காயில் இரும்புத் தண்டை இழுக்கிறது, ஃபிளிப்பர் எழுகிறது. பழைய முறையில் ஒரே பாபினில், அதாவது கம்பி சுற்றும் உருளையில், இரண்டு கட்டு இருக்கும். தடித்த கம்பியில் சில நூறு சுற்று, பந்தை அடித்து எறிய. மெல்லிய கம்பியில் அதைவிட அதிகச் சுற்று, பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போது ஃபிளிப்பரைத் தாங்கி நிறுத்த. ஃபிளிப்பர் மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு சின்ன ஸ்விட்ச் திறந்து, மெல்லிய கட்டையும் மின்பாதையில் சேர்த்துவிடும், ஓடும் மின்சாரம் குறையும். அந்த ஸ்விட்ச் திறக்காவிட்டால் காயில் சூடாகி நாற்றம் வரும். இதை நீங்கள் துபாயில் எத்தனை முறை மாற்றியிருப்பீர்கள்! இன்று இதையே மென்பொருளால் செய்கிறார்கள். எந்த வழியானாலும் இந்த ஒரு பாகத்தை நீங்களே செய்து, லட்சம் முறை அடிக்க வைத்துப் பாருங்கள். இதில் தேறினால் மற்றதில் தேறலாம்.

மற்றபடி ஒரு மெஷினில் ஆயிரக்கணக்கான பாகங்கள். எல்லாம் வந்து ஒரு ரப்பர் வளையம் வராவிட்டாலும் அது பட்டறையில்தான் நிற்கும், எங்கள் இரும்புத் தகடு போல. அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டாவதாக ஒரு ஆளைத் தேடி வையுங்கள். வெளி ஆளிடம் மொத்தமாகச் செய்யக் கொடுப்பதும் வேண்டாம். நெதர்லாந்தில் ஒரு நிறுவனம் அப்படிக் கொடுத்து, பணத் தகராறில் செய்து முடித்த மெஷின்களே வெளியே வராமல் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

கதைக்கு ஏன் நடிகர்? உங்களுக்குக் கடல் இருக்கிறது. கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலை, அதை இழுப்பதை ஒரு பின்பாலாக யோசித்துப் பாருங்கள். இரண்டு பந்துகள் வலைக்குள் போய் நிற்கின்றன, மூன்றாவது பந்து கயிற்றை இழுக்கிறது, மடி திறந்து மூன்றும் ஒன்றாகக் கரைக்கு வருகின்றன. இதை எழுதும்போதே எனக்கு ஆடிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

சரி, முதல் மெஷின் தயாரானதும் விற்காதீர்கள். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் நடக்கிற பாதையில் ஒரு கடையில் வாடகைக்கு வையுங்கள். ஈரக் காலோடு, ஈரக் கையோடு வருவார்கள், எர்த்திங்கில் ஒரு பைசாகூட மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு நோட்டு போட்டு, எத்தனையாவது ஆட்டத்தில் எது உடைந்தது என்று எழுதுங்கள். வாங்க வருகிறவரிடம் காட்ட அந்த நோட்டைவிட நல்ல விளம்பரம் கிடையாது. பரிசு, பணம் எதுவும் வைக்க வேண்டாம். நியூயார்க்கில் 1942இல் இதைச் சூதாட்டம் என்று தடை செய்து மெஷின்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள். 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தின் முன் ஆடி, பந்து எந்த வழியில் போகும் என்று முன்பே சொல்லி அதே வழியில் அனுப்பிக் காட்டிய பிறகுதான் தடை நீங்கியது.

பிறகு ஐந்து மெஷின், உங்கள் சொந்தப் பணத்தில். செய்து முடித்த மெஷினைக் காட்டி முழு விலை வாங்குங்கள். யாராவது வற்புறுத்தி அட்வான்ஸ் கொடுத்தால் அதைத் தனிக் கணக்கில் போட்டு, அவருடைய மெஷின் லாரியில் ஏறும்வரை எடுக்காதீர்கள். அதுவரை சோறு போட, இங்குள்ள மால்களில் மெஷின் ரிப்பேர் வேலை பாருங்கள். வீட்டில் பயம் குறையும், பாகம் விற்கிறவர்களும் பழக்கமாவார்கள்.

எங்கள் ஷெட்டிலிருந்து நான் ஒன்றை மட்டும் விற்கவில்லை. காயில் கட்டும் மெஷின், கையால் சுற்றுவது, சுற்று எண்ணும் மீட்டரோடு. மீட்டர் இன்றும் சரியாக எண்ணுகிறது, போன வாரம் எண்ணெய் போட்டேன். ஃபிளிப்பர் பாபின் அதில் உட்காரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வாருங்கள், எடுத்துக்கொண்டு போகலாம்.