அம்மா நர்ஸா இருந்தா பிள்ளைங்க பாசத்துக்கு ஏங்கிப் போயிடுமா?

"நர்ஸ் வேலைக்குப் போற அம்மாவோட பிள்ளைங்க பாசத்துக்கு ஏங்கித்தான் வளரும்னு சொல்றாங்களே, உண்மையா?"ன்னு கேட்டிருக்கீங்க. கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தா உங்களுக்கு வேலைக்கு ஆர்டர் வந்திருக்கு, கையில குழந்தை இருக்கு, மாமியாரோ நாத்தனாரோ வீட்டுல ஆரம்பிச்சிருக்காங்கன்னு தோணுது. அப்படி இல்லேன்னா விட்டுருங்க. ஆனா ஒண்ணு, லாரி ஓட்டுற அப்பாகிட்டயோ பட்டாளத்துல இருக்கிற அப்பாகிட்டயோ இந்தக் கேள்விய யாராச்சும் கேட்டு நான் பார்த்ததே இல்ல.

எங்கம்மா கிராம சுகாதார நர்ஸ். மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கம். 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்ங்கிறது பேப்பர்ல இருக்கிற கணக்கு, நடந்து பார்த்தாத்தான் அந்த 5000 பேரும் எத்தனை பட்டிதொட்டியில சிதறிக் கிடக்காங்கன்னு தெரியும். ஊருக்குள்ள யாருக்கும் அம்மா பேரு தெரியாது, நர்ஸம்மாதான். நானும் ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் நர்ஸம்மா மகதான்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐஸ் வச்ச மருந்துப் பெட்டிய தோள்ல மாட்டிக்கிட்டு அம்மா கிளம்பிரும். நான் சின்னப்பிள்ளையா இருந்தப்ப இப்ப மாதிரி தூக்கிப் போடுற ஊசி கிடையாது, கண்ணாடி சிரிஞ்சுதான், முந்துன நாள் ராத்திரியே எல்லாத்தையும் கொதிக்க வச்சு எடுக்கணும். கக்குவான், தொண்டை அடைப்பான், டெட்டனஸ் மூணுக்கும் சேர்த்துப் போடுற முத்தூசி போட்ட பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் அடிச்சா எங்க வீட்டுக் கதவுதான் தட்டப்படும், காய்ச்சல் வரும்னு பகல்லயே சொல்லி மாத்திரையும் குடுத்திருக்கும், இருந்தாலும் தட்டுவாங்க.

மாசமா இருக்கிற பொம்பளைங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை குடுப்பாங்கல்ல, பாதிப் பேரு வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருவாங்க, பிள்ளை பெருசாயிரும் கருப்பாயிரும்னு ஒரு பயம். "சாப்பிட்டியா"ன்னு கேட்டா "சாப்டேன் நர்ஸம்மா"ன்னுதான் பதில் வரும். எங்கம்மா அதைக் கேக்கவே கேக்காது. ஊர்க்கதை எல்லாம் பேசிட்டு கிளம்பும்போது "வெளிக்குப் போனா என்ன கலர்ல போகுது"ன்னு கேக்கும். கருப்பா போகுதுன்னு சொன்னாத்தான் மாத்திரை உள்ள போகுதுன்னு அர்த்தம். தெரியாம மஞ்சள்னு சொல்லி மாட்டுன அக்காமாரு நிறைய.

இனி சொல்றதுக்கு எங்க ஊர்க்காரங்களே சண்டைக்கு வரலாம். பரவாயில்ல. பொம்பளைப் பிள்ளை பொறந்தா கள்ளிப்பால் ஊத்துற விஷயம் 1986ல பத்திரிகையில வந்து நாடே எங்க பக்கம் திரும்பிப் பார்த்துச்சு. எல்லா வீட்டுலயும் நடந்துச்சுன்னு நான் சொல்லல, இப்பவும் நடக்குதுன்னும் சொல்லல. மத்த ஊர்க்காரங்க ரொம்ப யோக்கியம் மாதிரி பேசவும் வேண்டாம், அவங்க ஸ்கேன் சென்டர்ல முடிச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

ஒரு வீட்டுல ரெண்டாவதோ மூணாவதோ பொண்ணு பொறந்தா எங்கம்மா கொக்கித் தராசைத் தூக்கிக்கிட்டு தினமும் போக ஆரம்பிச்சிரும். உத்தரத்துல தராசைக் கட்டி, துணியில பிள்ளையப் போட்டு, எடை எழுதணும். தினமும் எடை எடுக்கணும்னு ரூல் எல்லாம் எதுவும் கிடையாது, அம்மாவா சொல்றதுதான். அந்த வீட்டுக் கிழவியத்தான் தராசு முள்ளைப் பார்க்கச் சொல்லும். "ஆத்தா, நல்லா பாத்துச் சொல்லு, எடை குறைஞ்சா ஆபீஸ்ல என்னையத்தான் கேப்பாக, எம்பொழப்பு உன் கையிலதான் இருக்கு"ன்னு ஒரு போடு போடும். பிள்ளை மேல இரக்கம் வராத கிழவிக்குக் கூட நர்ஸம்மா வேலை போயிரக்கூடாதேன்னு தோணும் போல. ஒண்ணு ரெண்டு மாசம் தள்ளிட்டா அந்தப் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சிரும், அப்புறம் கிழவியே யாரையும் தொட விடாதுன்னு அம்மா சொல்லும்.

எல்லாத்தையும் காப்பாத்துச்சுன்னு கதை விட மாட்டேன். ஒரு வீட்டுக்கு காலைல போனப்ப தூளிய அவுத்து மடிச்சு வச்சிருந்தாங்க. அன்னைக்கு அம்மா எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல, மறுநாள் அடுத்த தெருவுக்கு தராசைத் தூக்கிட்டுப் போயிருச்சு. வேண்டாம்னு நினைக்கிற பொம்பளைப் பிள்ளைய கொல்லாம அரசாங்கத் தொட்டில்ல விட்டுட்டுப் போகச் சொல்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல சேலத்துல ஆரம்பிச்சாங்க, எங்க மாவட்டத்துக்கு வந்து சேர 2001 ஆயிருச்சு.

இதெல்லாம் செஞ்ச பொம்பளைக்கு என்ன மரியாதை கிடைச்சுச்சுங்கிறீங்க? மார்ச் மாசம் வந்தா போதும், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு கேஸ் பிடிச்சுக் குடுக்கணும், எண்ணிக்கை குறைஞ்சா மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நிக்க வச்சு கேப்பாங்க. ஒரு அதிகாரி, பேரு வேண்டாம், "கேஸ் இல்லேன்னா நீயே போய்ப் படுத்துக்கோ"ன்னு சொல்லியிருக்காரு. ஆம்பளைங்களுக்கு அதைவிடச் சின்ன ஆபரேஷன்தான், ஒருத்தன் வர மாட்டான், அவனை யாரும் கேக்கவும் மாட்டாங்க. 1996ல நாடு முழுக்க அந்த டார்கெட்டை எடுத்தாங்க, அன்னைக்குத்தான் எங்க வீட்டுல பாயசம் வச்சாங்க. இப்பவும் செவிலியர் தினம்னா மே 12ந் தேதி மெழுகுவர்த்திப் படம் போட்டு வாட்ஸப்ல தேவதைன்னு அனுப்புறாங்க, காண்ட்ராக்ட் நர்ஸுங்க சம்பளம் கேட்டு ரோட்டுல உக்காந்தா அந்த தேவதைக்கு டிராஃபிக் ஜாம்னு திட்டு. சரி, எங்கேயோ போயிட்டேன்.

உங்க கேள்விக்கு வர்றேன். ஏக்கம் இருந்துச்சா? இருந்துச்சு. மாசி பச்சைத் திருவிழாவுக்கு எல்லார் வீட்டுலயும் அம்மா புதுச்சேலை கட்டி கோயிலுக்குக் கிளம்பும்போது எங்கம்மா யாருக்கோ வலி வந்திருச்சுன்னு ஜீப்புல ஏறிப் போயிருக்கும். எங்களுக்குத் தலை சீவி விட்டது, சோறு ஊட்டுனது எல்லாம் அப்பத்தாவும் அப்பாவும். ஆனா நான் பாசம் இல்லாம வளரல. அப்பா சடை பின்னுனா கோணலா இருக்கும், அவ்வளவுதான் குறை.

அம்மாவோட சம்பளத்துல பாதி எங்க போச்சுன்னு எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் பணம் குடுக்கிற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 2006ல 6000 ரூபா ஆக்குனப்ப ஃபாரம் எழுதிக் குடுத்தது, பேங்குக்குக் கூட்டிப் போனது, பணம் வர்ற வரைக்கும் கைமாத்து குடுத்தது எல்லாம் அம்மாதான். குடுத்த கணக்கை எங்கேயும் எழுதி வைக்கல, நாங்க தேடிப் பார்த்துட்டோம்.

அம்மா தவறுனப்ப காலனித் தெரு பொம்பளைங்க நேரா வீட்டுக்குள்ள வந்து தலைமாட்டுல உக்காந்து ஒப்பாரி வச்சாங்க. எங்க சொந்தத்துல ஒரு பெரியவரு முகத்தைச் சுளிச்சாரு. "எங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்ச ஆத்தா இது, நாங்க எங்க உக்காரணும்னு நீ சொல்லாத"ன்னு ஒரு அக்கா திருப்பிக் குடுத்துச்சு பாருங்க, அவரு வாசலுக்குப் போனவரு திரும்பி உள்ள வரல.

எல்லா நர்ஸும் இப்படித்தான்னு நான் சொல்லலை, கத்துறவங்களையும் காசு கேக்குறவங்களையும் நானும் பார்த்திருக்கேன், அதைச் சொல்ல கமெண்டுக்கு வர வேண்டாம். நீங்க ஆர்டரை வாங்கி வேலையில சேருங்க. பிள்ளையப் பார்த்துக்க வீட்டுல யாரு இருக்காங்கன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட இப்பவே வாய்விட்டுக் கேட்டு முடிவு பண்ணிக்கோங்க. அப்புறம் குவார்ட்டர்ஸ் குடுத்தா சாவி வாங்குறதுக்கு முன்னாடி பைப்பைத் திறந்து பாருங்க, எங்க குவார்ட்டர்ஸ்ல கடைசி வரைக்கும் தண்ணி வரல.