வீட்டுக்கு வாங்கிய ஆஃபீஸைக் கடையிலும் போடலாமா?

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021 வாங்கி வீட்டு டெஸ்க்டாப்பில் போட்டிருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப்பிலும், என் ஹார்டுவேர் கடைக் கம்ப்யூட்டரிலும் அதையே போடலாமா? கடையில் இருக்கும் டேலி சில்வர் கணக்கு மென்பொருளை வீட்டிலும் போட்டுக்கொண்டால் இரவில் கணக்கு எழுத வசதி. எல்லாமே முழு விலை கொடுத்து வாங்கியவை. இதில் என்ன தப்பு?
- வாசகர், கரூர்

பதில்: முழு விலைதான், ஆனால் எதற்கான விலை என்று பாருங்கள். ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் என்பது ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு, வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று சொல்லி விலை குறைத்து விற்றது. தொழிலுக்கென்று ஹோம் அண்ட் பிசினஸ் தனியாக, கூடுதல் விலைக்கு இருக்கிறது. கடையில் கொட்டேஷன் அடிக்க உங்களிடம் உள்ளதைப் போடுவதும், வீட்டு சிலிண்டரை டீக்கடை அடுப்பில் மாட்டுவதும் ஒன்றுதான். வீட்டில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கடைக்கு மாற்றினாலும் இந்தத் தப்பு தீராது.

சட்டமும் இதே கோட்டைத்தான் போடுகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வாங்கிய மென்பொருளுக்கு பேக்கப் எடுத்து வைக்க அனுமதிக்கிறது. முறையாக வாங்கிய நகலிலிருந்து, தொழிலுக்கு அல்லாத சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்கவும் அதில் இடமுண்டு. கடைக்கு அல்ல. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ அல்லாமல் பயன்படுத்தியிருந்தால் சிறை இல்லாமல் 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு.

மகளின் லேப்டாப் இவ்வளவு கனமான விஷயமல்ல. ஆனாலும் லைசென்ஸ் ஒன்றுக்குத்தான். கல்லூரி மெயில் ஐடி இருந்தால் அதில் ஆஃபீஸ் இலவசமாகக் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் 365 ஃபேமிலி: ஆண்டுச் சந்தா, 6 பேர் வரை, ஆளுக்கு 5 கருவிகளில். கடைக்கு லிப்ரே ஆஃபீஸே போதும்; எத்தனை கம்ப்யூட்டரிலும் போடலாம், காசில்லை. அதன் ஆப்ஷன்ஸில் லோட்/சேவ் பகுதிக்குப் போய், ஃபைல்கள் எக்ஸெல் வடிவிலேயே சேவ் ஆகும்படி மாற்றிவிடுங்கள். பழைய ஷீட்டில் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) இருந்தால் மட்டும் சோதித்துப் பாருங்கள், சில ஓடாது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் ஆஃபீஸ் கீ (ஆக்டிவேட் செய்யும் எண்) பக்கம் போகாதீர்கள். பெரும்பாலும் நிறுவனங்களுக்குக் கொத்தாகக் கொடுத்தவை, எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம்.

டேலி சில்வர் விஷயத்தில் நீங்கள் நினைத்தாலும் நடக்காது. லைசென்ஸ் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும்போது இன்னொன்றில் பழகிப் பார்ப்பதற்கான எஜுகேஷனல் மோடில்தான் திறக்கும். மாதத்தின் சில குறிப்பிட்ட தேதிகளில் மட்டுமே என்ட்ரி போட முடியும். மாற்றவேண்டுமானால் எஃப்1, செட்டிங்ஸ், லைசென்ஸ், சரண்டர் என்று போய், முதலில் இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து லைசென்ஸை விடுவிக்க வேண்டும். இதற்கு இன்டர்நெட்டும் அட்மின் மெயில் பாஸ்வேர்டும் தேவை. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. தினமும் இரண்டு வேளை இதைச் செய்வது தலைவலி. கடைக்கே ஒரு லேப்டாப் வாங்கி, லைசென்ஸை நிரந்தரமாக அதற்கு மாற்றி, மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யும் முன் சரண்டர் செய்ய மறந்துவிடாதீர்கள். பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.