இலையுதிர்காலத்தில் இங்கிலாந்துக் கிராமங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அக்டோபர் கடைசியில் நானும் கணவரும் எட்டு நாள் வருகிறோம். காட்ஸ்வோல்ட்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ட், கார்ன்வால் மூன்றையும் பார்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம்மா. கார்ன்வால் தென்மேற்கு முனை, லேக் டிஸ்ட்ரிக்ட் வடமேற்கு மூலை. பாதி விடுமுறை மோட்டார்வேயிலேயே கழிந்துவிடும். ஒரே பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை என்றால் காட்ஸ்வோல்ட்ஸ் போங்கள். லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மோர்டன்-இன்-மார்ஷ். அங்கேயோ பக்கத்துச் சிப்பிங் கேம்டனிலோ ஒரே வீட்டில் தங்கி, தினம் ஒரு திசையில் நடங்கள். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள், கம்பளி வியாபாரிகளின் பணத்தில் எழுந்த பெரிய தேவாலயங்கள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. பைபரி கிராமத்தின் ஆர்லிங்டன் ரோ வீடுகளுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், சுற்றுலா பஸ்கள் வருவதற்குள். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

இலைகளின் நிறத்துக்காக ஒரு நாளை டெட்பரி அருகிலுள்ள வெஸ்டன்பர்ட் மரத்தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். 1829இல் ராபர்ட் ஹோல்ஃபோர்ட் தொடங்கியது. அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை அங்கே ஜப்பானிய மேப்பிள்கள் சிவந்து நிற்கும்.

ஒன்றை மறக்காதீர்கள்: அக்டோபரின் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அன்றிலிருந்து சூரியன் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும்.

கேள்வி: விசா எத்தனை நாளில் கிடைக்கும்?

பதில்: அது என் துறை இல்லை. பிரிட்டிஷ் அரசின் தளத்தைப் பாருங்கள்.

கேள்வி: அக்டோபரில் லாவண்டர் வயல் எங்கே இருக்கும்?

பதில்: எங்கும் இருக்காது. ஜூலையில் வாருங்கள்.

கேள்வி: இந்திய லைசென்ஸ் வைத்துக்கொண்டு கார் ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், 12 மாதம் வரை செல்லும். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்பதிவிலேயே கேட்டு வாங்குங்கள். கிராமத்துச் சாலைகளில் மணிக்கு 60 மைல் வரை சட்டம் அனுமதிக்கும். ஆனால் இருபுறமும் உயிர்வேலி, ஒரு வண்டி மட்டும் போகும் அகலம், வளைவுக்கு அப்பால் டிராக்டர் வரலாம். பாதி வேகத்தில் போங்கள். இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் ஒரு பாதை நேராகப் பண்ணை வயலுக்குள் போகிறது. உள்ளே போகலாமா?

பதில்: தாராளமாக. பொது நடைவழி என்றால் மஞ்சள் அம்புக்குறி இருக்கும். குதிரையும் போகும் வழி என்றால் நீலம். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் இந்த வழிகள் பச்சைக் கோடுகளாக இருக்கும்.

கேள்வி: அடுத்தவர் நிலத்துக்குள் நுழைவது குற்றம். மாட்டினால் இவர்கள் விசாவே போய்விடும். தப்பாக வழிகாட்டாதீர்கள்.

பதில்: இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தினாலேயே நம்மவர்கள் பலர் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டாமல் திரும்பிவிடுகிறார்கள். நிலம் விவசாயியுடையது, அதன் மேல் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உரியது. அந்த வழியில் நடப்பது அத்துமீறலே ஆகாது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வழிகளை வரைபடமாகப் பதிவு செய்யும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேய்ச்சல் மேடு, புதர்நிலம் போன்ற திறந்தவெளிகளில் வழியை விட்டு விலகியும் நடக்க உரிமை தந்தது.

இவை சும்மா கிடைத்தவை அல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் பென்னி ராத்மன் தலைமையில், வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த, டெர்பிஷயரிலுள்ள கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அந்த உரிமை பயணியாக வரும் உங்களுக்கும் உண்டு.

கேள்வி: ஆனால் நாங்கள் போனபோது வயலை உழுது வைத்திருந்தார்கள். வழியே தெரியவில்லையே?

பதில்: நல்ல கேள்வி, இலையுதிர்காலத்தில் அடிக்கடி நேர்வது. வயலின் குறுக்கே போகும் நடைவழியை உழலாம், ஆனால் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதை மறுபடி தெரியும்படி செய்து தர வேண்டும். வரப்போரம் போகும் வழியை உழவே கூடாது. வரைபடம் காட்டும் கோட்டிலேயே நடங்கள். கதவு மூடியிருந்தால் திரும்ப மூடுங்கள். கன்றோடு பசு நின்றால் நடுவில் புகாமல் தள்ளிச் சுற்றிப் போங்கள்.

கேள்வி: அப்படியானால் எந்த வயலிலும் இறங்கலாம் என்கிறீர்கள்?

பதில்: இல்லை. வயல் என்றால் அம்புக்குறி உள்ள வழியில் மட்டும். வேறு எதுவும் நான் சொல்லவில்லை.

கேள்வி: லேக் டிஸ்ட்ரிக்டில் மழை அதிகமாமே?

பதில்: அதிகம்தான். பாரோடேலில் உள்ள சீத்வெயிட், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே மிக அதிக மழை பெறுவது. நல்ல மழைக்கோட்டும் நீர் புகாத பூட்ஸும் இருந்தால் போங்கள். மலைச்சரிவில் பிராக்கன் என்னும் பெரணி துருச்சிவப்பாகும் மாதம் அக்டோபர். கார் இல்லாவிட்டாலும் கெண்டலிலிருந்து கிராஸ்மியர் வழியாகக் கெஸ்விக் வரை 555 பஸ் போகும்.

கேள்வி: ஏழு நாளில் ஐந்து ஊர் பார்க்க ஒரு திட்டம் போட்டுத் தாருங்கள்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பத்து நாளில் ஸ்காட்லாந்தையும் சேர்க்கலாமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: நாங்கள் இருவரும் சைவம். கிராமத்தில் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். பெரும்பாலான பப்களில் ஒன்றிரண்டு சைவ உணவாவது உண்டு. ஞாயிறு ரோஸ்ட் என்னும் இறைச்சி மதிய விருந்திலும் கொட்டைப் பருப்பில் செய்த ஒன்று வைத்திருப்பார்கள். கிரேவி இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கு முடிந்தால் மறுபடி ஆறு மணிக்குத்தான். ஞாயிறு இரவு சில பப்களில் சமையலே இருக்காது, பல ஊர்களுக்குப் பஸ்ஸும் ஓடாது. சனிக்கிழமையே ரொட்டி, சீஸ், ஆப்பிள் வாங்கி வையுங்கள். டார்ச்சும் ஒன்று வாங்குங்கள்.