பழங்காலப் பேரரசுகள் இத்தனை வகை மக்களை எப்படி கட்டி ஆண்டாங்க, கடைசில ஏன் விழுந்தாங்க?

எல்லாப் பேரரசுக்கும் பொருந்துற மாதிரி ஒரே பதில் கிடையாது, அதனால ஒண்ணை மட்டும் எடுத்துக்கறேன். பாரசீகப் பேரரசு, அகாமனிசிய வம்சம்னு சொல்வாங்க, கி.மு. 550-ல ஆரம்பிச்சு 330 வரைக்கும். பைபிள் படிச்சவங்களுக்கு கோரேஸ், தரியு, அகாஸ்வேரு எல்லாம் பழகின பேருங்க, சரித்திரப் புத்தகத்துல சைரஸ், டேரியஸ், செர்க்சஸ்னு வர்றது அவங்களேதான். ரோம் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, இவங்களைப் பத்தி நமக்கு வந்து சேர்ந்தது பாதிக்கு மேல கிரேக்கர்கள் சொன்ன கதை, அதாவது சண்டை போட்ட எதிராளி சொன்ன கதை.

எழுந்தது ரொம்ப வேகமா நடந்துச்சு. இன்னைக்கு தெற்கு ஈரான்ல இருக்கற பார்ஸ் பகுதியில சின்ன ராஜாவா இருந்த சைரஸ், 550-ல வடமேற்கு ஈரான்ல பெரிய ஆளா இருந்த மீடியர்களோட ராஜா அஸ்டியாஜஸை தோற்கடிச்சாரு, அடுத்த சில வருஷத்துல துருக்கி பக்கம் இருந்த லிடியா, பணக்காரன்னு பேர் வாங்கின குரோசஸ் நாடு, அதுவும் போச்சு, 539-ல இன்னைக்கு இராக்ல இருக்கற பாபிலோன். பாபிலோன்ல அவர் பண்ணது தான் முக்கியம். நான் ஜெயிச்சு வந்துட்டேன், இனிமே என் சாமியைக் கும்பிடுங்கன்னு சொல்லல. உங்க சாமி மர்தூக் உங்க ராஜா நபோனிதஸ் மேல கோவப்பட்டு என்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பிச்சாருன்னு அவங்க மொழியிலயே, அவங்க பாணியிலயே எழுதி வெச்சாரு. 1879-ல கிடைச்ச சைரஸ் உருளைங்கற களிமண் கல்வெட்டுல இருக்கறது இது தான். வாட்ஸ்அப்ல இதை 'உலகின் முதல் மனித உரிமை சாசனம்'னு போட்டு சுத்த விடுவாங்க, நம்பாதீங்க. 1971-ல ஈரான் அரசு இதோட நகலை ஐ.நா.வுக்குக் கொடுத்ததுக்கப்புறம் பரவின பேச்சு அது. உருளைல சண்டையே இல்லாம ஊருக்குள்ள வந்தேன்னு இருக்கு, பாபிலோன்காரங்களே எழுதின வருஷக் குறிப்பான பாபிலோன் நாளாகமத்தைப் பார்த்தா அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஓபிஸ்ங்கற ஊர்ல நல்லா வெட்டிருக்காங்க.

அவர் மகன் காம்பிசஸ் 525-ல எகிப்தைப் பிடிச்சாரு, 522-ல செத்துப் போனாரு, உடனே திரும்பின பக்கமெல்லாம் கலகம். அதை அடக்கி மேல வந்தவர் டேரியஸ். ஒரே வருஷத்துல 19 போர், 9 ராஜாக்களைப் பிடிச்சேன்னு மேற்கு ஈரான்ல இருக்கற பெஹிஸ்தூன் மலைப்பாறையில மூணு மொழியில செதுக்கி வெச்சிருக்காரு. தனக்கு முன்னாடி சிம்மாசனத்துல இருந்தவன் நிஜமான இளவரசனே இல்ல, வேஷம் போட்ட ஆளு, அவனை நான் தான் கொன்னேன்னும் அதுல சொல்றாரு. எனக்கு அந்தக் கதை மேல சந்தேகம் தான், கொன்னவன் எழுதின வாக்குமூலம் ஆச்சே.

ஆனா நிர்வாகம்னு பார்த்தா டேரியஸ் தான் ஆளு. நாட்டை மாகாணமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சத்ரப். நம்ம கலெக்டர் மாதிரின்னு வெச்சுக்கலாம், ஆனா பெரும்பாலும் பாரசீக மேட்டுக்குடி, சில சமயம் ராஜாவோட சொந்தக்காரனே. கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் 20 மாகாணம்னு கணக்கு சொல்றாரு, ஒவ்வொண்ணும் எவ்வளவு கப்பம்னு லிஸ்டே கொடுக்கறாரு, சிந்து நதிப் பக்கம் இருந்து 360 தாலந்து (அந்தக் கால எடை அளவு) தங்கத்தூள், துருக்கியோட தென்கரைல இருந்த சிலீசியா வருஷத்துக்கு 360 வெள்ளைக் குதிரை, பார்ஸுக்கு மட்டும் வரி கிடையாது. கீழ இருக்கற கோயில், ஊர்ப் பெரியவங்க, உள்ளூர் சட்டம் எதையும் பெருசா தொடல. ஆபீஸ் மொழிக்குக் கூட தன் பாரசீக மொழியைத் திணிக்காம, ஏற்கனவே அந்தப் பக்கமெல்லாம் புழங்கிட்டு இருந்த அராமிக் மொழியை எடுத்துக்கிட்டாங்க, எகிப்துல இருந்து ஆப்கானிஸ்தான் வரைக்கும் அதுல தான் கடிதம் போச்சு.

இந்த மெஷின் எப்படி ஓடுச்சுன்னு பார்க்கணும்னா பார்ஸ்ல இருந்த அவங்க தலைநகர் பெர்செபோலிஸோட களிமண் பலகைங்க தான் வேணும். 1933-34-ல தோண்டும்போது உடைசலும் முழுசுமா ஆயிரக்கணக்குல கிடைச்சுச்சு, கி.மு. 509-ல இருந்து 493 வரைக்குமான ரேஷன் கணக்கு, பெரும்பாலும் தென்மேற்கு ஈரானோட பழைய மொழியான ஈலமைட்ல. இந்தியாவுல இருந்து அவங்களோட இன்னொரு தலைநகரான சூசாவுக்குப் போற ஒரு குழு வருது, முத்திரை போட்ட அனுமதிச் சீட்டைக் காட்டுது, தலைக்கு இவ்வளவு மாவுன்னு கொடுத்துட்டு எழுதிக்கறாங்க. குழந்தை பெத்த வேலைக்காரப் பொம்பளைங்களுக்கு எக்ஸ்ட்ரா படி உண்டு, ஆண் குழந்தைன்னா பெண் குழந்தைக்குக் கொடுக்கறதுல ரெண்டு மடங்கு (அப்பவே இப்படித்தான்). பாரசீகர்களோட அஹுரமஸ்தாவுக்கு மட்டும் இல்ல, ஈலமைட் சாமி ஹும்பானுக்கும் அதே அரசாங்கக் கிடங்குல இருந்து தானியம் போகுது.

சரி, பல இன மக்களை ஆண்டதுன்னா நடைமுறையில என்னன்னு கேட்டா நான் எப்பவும் சொல்றது எலிஃபன்டைன் கதை. நைல் நதியில அஸ்வான் பக்கத்துல ஒரு தீவு. அங்க பாரசீக ராஜாவுக்குச் சம்பளம் வாங்கற யூத சிப்பாய்ங்க குடும்பத்தோட இருந்தாங்க, அவங்களுக்குன்னு ஒரு கோயில், பக்கத்துலயே எகிப்தியர்களோட குனும் சாமி கோயில். குனும்னா செம்மறிக்கடா தலை உள்ள சாமி, யூதர்கள் ஆடு பலி கொடுக்கறவங்க, புகைச்சலுக்கு அது ஒரு காரணமா இருந்திருக்கும்னு பலர் நினைக்கறாங்க. 410-ல எகிப்தோட சத்ரப் அர்ஷாமா ராஜாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, குனும் பூசாரிங்க உள்ளூர் அதிகாரி வித்ரங்காவைக் கைக்குள்ள போட்டுக்கிட்டு யூதக் கோயிலை இடிச்சுட்டாங்க. யூதர்கள் என்ன பண்ணாங்க, மனு போட்டாங்க! 407-ல ஜெருசலேம் பக்கத்து மாகாணமான யூதேயாவோட கவர்னர் பகோகிக்கு எழுதின மனு பாப்பிரஸ்ல அப்படியே கிடைச்சிருக்கு. காம்பிசஸ் எகிப்துக்கு வந்தப்பவே எங்க கோயில் இருந்துச்சு, எகிப்தியர் கோயில்களை எல்லாம் இடிச்சாங்க, எங்களதை யாரும் தொடல, கோயில் போனதுல இருந்து நாங்க எண்ணெய் பூசல, திராட்சரசம் குடிக்கல, ஜெருசலேம் தலைமைக் குருவுக்கு முன்னாடியே எழுதினோம் பதிலே வரல, இப்படிப் போகுது. கடைசில அனுமதி வந்துச்சு, கோயில் கட்டிக்கோ, தானியமும் சாம்பிராணியும் படைச்சுக்கோ. மிருக பலி பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல. ரெண்டு பக்கமும் முழுசா ஜெயிக்கக் கூடாது, வரி நிக்கக் கூடாது, அவ்வளவு தான் கொள்கை.

இதை வெச்சு பாரசீகர்கள் ரொம்ப நல்லவங்கன்னு நினைச்சுடாதீங்க. கலகம் பண்ண மிலேட்டஸை, துருக்கி கரைல இருந்த கிரேக்க ஊர் அது, 494-ல அழிச்சு, மிஞ்சின ஜனங்களை அங்க இருந்து கிளப்பி மெசப்பொட்டேமியா பக்கம் கொண்டு போய் குடி வெச்சாங்க. பாபிலோன் மாகாணம் வருஷா வருஷம் வெள்ளியோட 500 பையன்களைக் காயடிச்சு அனுப்பணும்னும் ஹெரோடோட்டஸ் லிஸ்ட்லயே இருக்கு.

வீழ்ச்சிக்கு வர்றேன். டேரியஸோட மகன் செர்க்சஸுக்கு அப்புறம் ராஜாக்கள் சொகுசுல ஊறி, அந்தப்புரத்துல கிடந்து நாடு அழுகிப் போச்சுன்னு ஒரு பழைய கதை உண்டு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கிரீஸ்ல 480, 479-ல தோத்ததுக்கு அப்புறமும் 150 வருஷம் ஓடிருக்கு. அரண்மனைக் கொலை, அண்ணன் தம்பி சண்டை எல்லாம் இருந்துச்சு தான், எகிப்து கையை விட்டுப் போய் அறுபது வருஷம் கிட்ட தனியாவே இருந்துச்சு, ஆனா 343 வாக்குல அர்தசெர்க்சஸ் III அதையும் திரும்பப் பிடிச்சுட்டாரு. சாகப் போற பேரரசு பண்ற வேலையா அது? அதுக்கப்புறம் பத்து வருஷம் கூட முழுசா ஆகல, 334-ல அலெக்சாண்டர் வந்து இறங்கறான்.

என் கருத்து என்னன்னா, எது இவங்களை இவ்வளவு நாள் காப்பாத்துச்சோ அதுவே தான் கவுத்துச்சு. உள்ளூர் ஆளுங்களை அப்படியே விட்டு வெச்சு மேல ராஜா மட்டும் மாறினா, அடுத்தவன் வந்தாலும் அதே மாதிரி மாத்திக்கலாம்ல. பழைய லிடியா தலைநகர் சார்டிஸோட கோட்டையை அதோட தளபதியே சண்டையில்லாம கொடுத்தான், எகிப்து சத்ரப் கொடுத்தான், சூசா சத்ரப் அபுலிடீஸும் கொடுத்தான், பதவியை அப்படியே வெச்சுக்கிட்டான். பாபிலோன்ல கதவைத் திறந்து விட்ட மசேயஸ், அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி 331-ல காகமேலா போர்ல பாரசீகத்துக்காக நல்லா சண்டை போட்டவன், அவனையே அலெக்சாண்டர் பாபிலோன் சத்ரப் ஆக்கினான், மர்தூக்குக்குப் பூஜையும் போட்டான், சைரஸ் போட்ட அதே ரூட்டு. இதுக்கு நேர் எதிரா, சூசாவைத் தாண்டி பார்ஸுக்குள்ள நுழையற மலைக்கணவாயில பாரசீகத் தளபதி அரியோபர்சனஸ் அலெக்சாண்டரை வழிமறிச்சு செம அடி கொடுத்தான், ஏன்னா அது அவங்க சொந்த மண்ணு. இன்னைக்கு லெபனான்ல இருக்கற துறைமுக ஊர் டயர், அப்புறம் காஸா மாதிரி வழியில எதிர்த்த ஊருங்களும் இல்லாம இல்ல, டயர் ஏழு மாசம் தாக்குப் பிடிச்சுச்சு.

330-ல பெர்செபோலிஸ் எரிஞ்சுச்சு, அதே வருஷம் அப்ப ராஜாவா இருந்த டேரியஸ் III-ஐ அவரோட சத்ரப் பெஸஸ் கூட்டமே கொன்னுட்டு ஓடுச்சு. அலெக்சாண்டர் அந்த உடம்பை ராஜ மரியாதையோட பார்ஸுக்கு அனுப்பி அடக்கம் பண்ண வெச்சு, பெஸஸை விரட்டிப் பிடிச்சு, ராஜாவைக் கொன்ன குத்தத்துக்கு பாரசீக முறைப்படியே தண்டனை கொடுத்தான்.