பால் கணக்கில் தொடங்குங்கள்

கேள்வி: பி.காம். முடித்து ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. 4 மாதமாக வெப் டெவலப்மென்ட் வீடியோக்கள் பார்க்கிறேன். பார்க்கும்போது புரிகிறது, நானாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. 40 ஆயிரம் கட்டி கோர்ஸில் சேரட்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். அடிப்படைப் பாடங்கள் ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் இலவசம். எம்டிஎன் என்ற வெப் குறிப்புத் தளத்தைச் சந்தேகம் வரும்போது மட்டும் அகராதி போலப் புரட்டுங்கள். வீடியோவில் தவறுகளை வேறொருவர் திருத்திவிடுகிறார்; உங்கள் கை எங்கிருந்து பழகும்?

நீங்களாகவே ஒரு வெப் பக்கம் செய்து பழக, வீட்டுப் பால் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, பாக்கெட், விலை, மாத மொத்தம். அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு, பக்கத்தின் சட்டகமான எச்டிஎம்எல் மட்டும். அழகில்லாவிட்டாலும் அன்றைக்கே கிட்ஹப் பேஜஸில் (பக்கத்தை இணையத்தில் வைக்கும் சேவை) ஏற்றிவிடுங்கள், காசு கிடையாது. ஃபைல் பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காது, கிட்ஹப் பார்க்கும். வீட்டில் தெரிந்த படம் அங்கே காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்த வாரம், பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ். எச்டிஎம்எல்லில், பக்கத்தைப் போனின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரியை விட்டுவிட்டால் போன் உங்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலமாக எண்ணி எறும்பு எழுத்தில் காட்டும். 300 பிக்சல் பெட்டிக்கு இருபுறமும் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) வைத்தால் அகலம் 340 ஆகிவிடும். பாக்ஸ்-சைசிங்கில் பார்டர்-பாக்ஸ் கொடுத்தால் 300க்குள் அடங்கும்.

கணக்குப் போடும் ஜாவாஸ்கிரிப்டுக்கு மூன்று ஞாயிறாவது ஒதுக்குங்கள். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதுங்கள். 'நல்' (ஒன்றுமில்லை) என்று சிவப்பில் பிழை வந்தால், பட்டன் உருவாகும் முன்பே ஸ்கிரிப்ட் அதைத் தேடியிருக்கலாம். ஸ்கிரிப்ட் டேகில் டிஃபர் என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள், பக்கம் உருவான பிறகே ஸ்கிரிப்ட் ஓடும்.

பெட்டியில் தட்டும் எண் எழுத்தாகத்தான் வந்து சேரும். 2 பாக்கெட்டையும் 3 பாக்கெட்டையும் கூட்டினால் 23 வரும்! பெருக்கினாலோ ஜாவாஸ்கிரிப்ட் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும். விலைக் கணக்கு சரியாக வந்து, மொத்தம் மட்டும் தப்பாக நிற்கும்; கணக்கெழுதும் உங்களுக்கே தலை சுற்றும். எண்ணை வாங்கியவுடன், எழுத்தை எண்ணாக்கும் நம்பர் ஃபங்ஷனில் போட்டுவிடுங்கள்.

பக்கத்தை மூடினாலும் கணக்கு அழியாமலிருக்க பிரவுசருக்குள்ளேயே சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜ் போதும். அதுவும் எழுத்தை மட்டுமே வாங்கும். கணக்கை ஜேசான் ஸ்ட்ரிங்கிஃபை செய்து, அதாவது எழுத்தாக மாற்றித்தான் உள்ளே வைக்க வேண்டும். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகமெல்லாம் இதற்குப் பிறகு.

இன்னொன்று. தேதிக்கு, அதை எழுத்தாக்கித் தரும் டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் எடுத்தால் அது கிரீன்விச் நேரத்தில் வரும். நம் நேரம் 5:30 மணி முன்னால் ஓடுகிறது. பால்காரர் காலை 5 மணிக்கு வந்ததும் பதிந்தால் முந்தைய நாள் கணக்கில் ஏறிவிடும். வருடம், மாதம், நாளைத் தனித்தனியே எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதத்தோடு 1 கூட்ட மறக்காதீர்கள், ஜனவரி அங்கே 0.