காயம் ஆறியும் வலி ஏன் நிற்பதில்லை? ஆர்.என்.ஏ.வுக்கு இதில் என்ன வேலை?

சோமனூரில் விசைத்தறி ஓட்டும் உங்க அப்பாவுக்குக் கை நரம்பில் அடிபட்டு, தையல் பிரித்து வருஷமாகியும் சட்டை உரசினாலே எரிகிறதாம். மனப்பிரமையா என்று கேட்டிருக்கீங்க. பிரமை இல்லீங்க. நரம்பு செல்லுக்குள்ளேயே மாற்றம் நடந்திருக்கலாம்.

ஆர்.என்.ஏ. என்பது மரபணுவைப் பார்த்து செல் எடுக்கும் நகல். எந்தப் புரதம் எவ்வளவு உருவாகணும் என்பதில், தாங்கள் புரதமாகவே மாறாத சில ஆர்.என்.ஏ.க்களுக்கும் பங்குண்டு. குட்டியானவை மைக்ரோ ஆர்.என்.ஏ. (கண்டுபிடித்த ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் கிடைத்தது.) இவை, புரதம் செய்யும் குறிப்பைக் கொண்டுபோகும் செய்தி ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைக்கும்.

நீளமானவையும் உண்டு. 2013-இல் எலிகளில் கண்டது இது: நரம்பு அடிபட்டதும், முதுகுத்தண்டு ஓரத்து உணர்வு நரம்பு முடிச்சில் ஒரு நீள ஆர்.என்.ஏ. கூடுகிறது. நரம்பு செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாயில்களுக்கான கேசிஎன்ஏ2 என்ற மரபணுவை அது அமுக்க, அந்த வாயில்கள் குறைகின்றன. அந்த வெளியேற்றம்தான் நரம்புக்கு பிரேக். பிரேக் தேய்ந்தால், லேசாகத் தொட்டாலும் வலி. அந்த ஆர்.என்.ஏ.வை மட்டும் செயற்கையாகக் கூட்டியபோதும் எலிகளுக்கு நரம்பு வலி வந்தது! மனிதருக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாதுதான்.

இந்த வழியில் மருந்து இன்னும் கடைக்கு வரலைங்க. பாராசிட்டமால் இந்த வலிக்கு அவ்வளவாகக் கேட்காது. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்க. பிரீகாபலின் மாதிரி வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகள் இருக்கு.